பையைப் பிடித்து இழுத்த புதரின் பெயர் என்ன?

பள்ளி விடுமுறையில் கடற்கரைப் பாதை ஒன்றில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். மணல் முடிந்து மரங்கள் தொடங்கும் இடம். திடீரென்று முதுகுப்பையை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஆள் யாரும் இல்லை. பச்சைப் புதர் ஒன்றின் நீண்ட கிளை பையின் வாரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் நகர்ந்தால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஓரடி பின்னால் வந்து மெதுவாகத் தளர்த்தினால்தான் விடுகிறது.

கைப்பேசியில் படம் பிடித்துச் செயலியிடம் கேட்கிறீர்கள். அது மூன்று பெயர்களைக் காட்டுகிறது. மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றுக்கும் வளைந்த முள் உண்டு. இப்போது எதை நம்புவது?

செயலிக்குத் தெரிந்தது நீங்கள் எடுத்த ஒரு படம் மட்டும்தான். செடியின் அருகில் நிற்பவர் நீங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், சரியான விடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அந்தச் செடி கழற்சி என்று ஊகித்துக்கொண்டு சோதனையைத் தொடங்குவோம். கழற்கொடி என்றும் தமிழில் சொல்வார்கள். மலாயில் இதற்குக் கோரெக், கெலிச்சி என்ற பெயர்கள் உண்டு. அறிவியல் பெயர் கிலாண்டினா போண்டக். அவரை, புளி முதலியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் இது இயற்கையாக வளர்கிறது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இது வந்தேறிச் செடி அன்று, உள்ளூர்ச் செடி.

முதல் கேள்வி: எப்படி ஏறுகிறது?

தனியாக நிமிர்ந்து நிற்க முடியாத செடிகள் வெளிச்சத்தை எட்டுவதற்கு வெவ்வேறு வழிகளைக் கையாள்கின்றன. அவரைக்கொடி கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். பாகற்கொடி சுருள்கம்பி போன்ற பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். மிளகுக்கொடி சிறு வேர்களால் மரத்தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

கழற்சி இவற்றில் எதையும் செய்வதில்லை. அது நீளமான, வளையும் கிளைகளைப் பக்கத்துச் செடிகளின் மேல் வீசிப் போடுகிறது. கிளையிலும் இலைக்காம்பிலும் இருக்கும் முட்கள் கொக்கிபோல் பின்னோக்கி வளைந்தவை. கிளை மேலே போகும்போது முள் தடுக்காது. கீழே சரியும்போது மாட்டிக்கொள்ளும். காற்று அடித்துக் கிளை ஆடினால் பிடி இன்னும் இறுகும். உங்கள் பையைப் பிடித்ததும் இதே உத்திதான். இப்படி வளரும் செடியைத் தொற்றிப் படரும் புதர்ச்செடி எனலாம். நம் காடுகளில் உள்ள பிரம்பும் கொக்கிகளைக் கொண்டே ஏறுகிறது.

முள்ளிலும் வகை உண்டு. காகிதப்பூச் செடியின் முள், உருமாறிய கிளை. கள்ளிச்செடியின் முள், உருமாறிய இலை. கழற்சியின் முள்ளும் ரோஜாவின் முள்ளும் தண்டின் மேற்பரப்பிலிருந்து வளர்பவை.

ஆனால் கொக்கி முள் இருப்பதால் மட்டும் அது கழற்சி ஆகிவிடாது. பிரம்பு, ரோஜா, கழற்சியின் உறவினர்கள் எல்லாவற்றுக்கும் முள் இருக்கிறது. முள் நமக்கு ஒரு துப்பு மட்டுமே. அடுத்த துப்பு இலையில் இருக்கிறது.

இரண்டாம் கேள்வி: எது ஓர் இலை?

இது எளிய கேள்விபோல் தோன்றும். பலர் தவறு செய்வது இங்கேதான்.

சமையலறையில் உள்ள கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரசத்தில் மிதக்கும் ஒவ்வொரு துண்டையும் இலை என்கிறோம். தாவரவியலில் அது சிற்றிலை. ஒரு முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை. அதற்குக் கூட்டிலை என்று பெயர். இனி, இத்தகைய பல ஈர்க்குகளை ஒரு நீண்ட நடுக்காம்பின் இரு பக்கமும் இணை இணையாகப் பொருத்திப் பாருங்கள். அதுவும் ஒரே இலைதான். அது இருமடிக் கூட்டிலை. கழற்சியின் இலை அந்த வகை. ஒரே இலை 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை நீளும். சில சமயம் அதற்கும் மேல்.

கிளை எது, இலை எது என்று குழப்பமாக இருந்தால் மொட்டைத் தேடுங்கள். இலை தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இந்த ஒரு விதி எந்தச் செடிக்கும் உதவும்.

இலை இன்னது என்று தெரிந்தபின் எண்ணுங்கள். கழற்சியில் நடுக்காம்பின் இரு பக்கமும் பெரும்பாலும் 6 முதல் 9 இணை ஈர்க்குகள் இருக்கும். ஒவ்வோர் ஈர்க்கிலும் 6 முதல் 12 இணைச் சிற்றிலைகள். ஒரு சிற்றிலையின் நீளம் ஏறத்தாழ 1.5 முதல் 4 சென்டிமீட்டர்.

இந்த எண்ணிக்கை ஒரு முக்கியமான போலியை உடனே விலக்கிவிடும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவிய பெரிய தொட்டாற்சிணுங்கிக்கும் முள் உண்டு, இருமடிக் கூட்டிலை உண்டு. ஆனால் அதன் சிற்றிலைகள் மிகச் சிறியவை, தொட்டால் மூடிக்கொள்ளும், பூ இளஞ்சிவப்புப் பந்துபோல் இருக்கும். கழற்சியின் பூ மஞ்சள். பல பூக்கள் ஒரு நீண்ட கொத்தில் வரிசையாக இருக்கும்.

மூன்றாம் கேள்வி: மூன்று உறவினரில் யார்?

செயலி காட்டிய மூன்று பெயர்களுக்கு இப்போது வருவோம். கழற்சியோடு எளிதில் குழம்பக்கூடிய நெருங்கிய உறவினர்கள் இரண்டு.

முதலாவது, கிரிஸ்டா என்று அழைக்கப்படும் செடி. இது பெரும்பாலும் சதுப்புநிலக் காடுகளின் ஓரத்தில் வளரும். இதன் இலையில் 2 முதல் 4 இணை ஈர்க்குகளே இருக்கும். ஒவ்வோர் ஈர்க்கிலும் 2 அல்லது 3 இணைச் சிற்றிலைகள் மட்டுமே. அவை தோல்போல் தடித்துப் பளபளக்கும். காயில் முள் கிடையாது. உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு விதை. ஆகவே, கிரிஸ்டாவை எண்ணிக்கையாலேயே பிரித்துவிடலாம்.

இரண்டாவது உறவினர் மேஜர் எனப்படும் செடி. இதுதான் கடினமானது. இதற்கும் முள் நிறைந்த காய் உண்டு. இலையும் கழற்சியைப் போலவே தோன்றும். விதை கிடைத்தால் சிக்கல் இல்லை: கழற்சியின் விதை சாம்பல் நிறம், மேஜரின் விதை மங்கிய மஞ்சள். விதை இல்லாத காலத்தில் என்ன செய்வது?

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தின் இரு பக்கத்தையும் பாருங்கள். பல செடிகளில் அங்கே சிறு செதில்போல் ஒரு பகுதி இருக்கும். அதை இலையடிச் செதில் என்கிறோம். பெரும்பாலும் அது கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. கழற்சியில் அது சிறு இலையைப் போலப் பெரிதாக, பல பிரிவுகளாகப் பிரிந்து, பச்சையாக நிற்கும். 'இது என்ன, இலையின் அடியில் இன்னொரு குட்டி இலை?' என்று உங்களுக்குத் தோன்றினால் அது கழற்சிக்கு வலுவான சான்று. மேஜரில் இந்தச் செதில் மிகச் சிறியது, அல்லது இருக்காது.

ஒரு எச்சரிக்கை: முதிர்ந்த கிளையில் இந்தச் செதில்கள் உதிர்ந்துவிடும். எனவே கிளையின் இளம் நுனியில் தேடுங்கள். முதிர்ந்த கிளையைப் பார்த்துவிட்டு 'செதில் இல்லை, ஆகவே கழற்சி இல்லை' என்று முடிவு செய்வது தவறு. ஒன்று கண்ணில் படவில்லை என்பதும் அது இல்லவே இல்லை என்பதும் வேறு வேறு.

நிபுணர்களும் தடுமாறிய கதை

இதில் நீங்கள் குழம்பினால் வெட்கப்பட வேண்டாம். தாவரவியலாளர்களே நெடுங்காலம் குழம்பியிருக்கிறார்கள்.

செடிகளுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1753ஆம் ஆண்டு நூலில் இந்தச் செடிகளுக்கும் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் சாம்பல் விதைச் செடியைச் சிலர் போண்டசெல்லா என்றும், சிலர் போண்டக் என்றும், வேறு சிலர் கிரிஸ்டா என்றும் எழுதினார்கள். ஒரே செடிக்கு மூன்று பெயர். ஒரே பெயருக்கு இரண்டு செடி!

1938இல் டாண்டி, எக்செல் என்ற இரு தாவரவியலாளர்கள் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். அவர்கள் புத்தகங்களோடு மட்டும் நிற்கவில்லை. லின்னேயஸ் எந்த உலர்ந்த மாதிரியை வைத்துப் பெயரிட்டார் என்று தேடினார்கள். கிரிஸ்டா என்ற பெயருக்கு அடிப்படையான மாதிரி, 17ஆம் நூற்றாண்டில் பால் ஹெர்மன் என்ற மருத்துவர் இலங்கையில் சேகரித்து, பின்னர் லண்டனுக்குச் சென்று சேர்ந்தது. அதைப் பார்த்தபோது, முள்ளில்லாத காய் கொண்ட செடிக்கே கிரிஸ்டா என்ற பெயர் உரியது என்பது தெளிவானது.

அதனால்தான் இன்றும் பழைய நூல்களைப் படிக்கும்போது கவனம் தேவை. பழைய மருத்துவ நூல் ஒன்றில் கிரிஸ்டா என்று இருந்தால், அது நம் கழற்சியைக் குறிக்கலாம். செடியின் பெயர் மாறினால் அதைப் பற்றிய தகவலும் இடம் மாறிப் போய்விடும்.

கடல் கொண்டுவரும் சான்று

கழற்சியின் காய் தட்டையாகவும் சற்று உப்பியும் இருக்கும். 5 முதல் 9 சென்டிமீட்டர் நீளம். மேலெல்லாம் கூரிய முட்கள். முற்றியதும் செடியிலேயே வாய் பிளக்கும். உள்ளே பெரும்பாலும் 2 விதைகள். கோலிக்குண்டு அளவு, பளபளப்பான சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் தெரியும்.

விதையுறை மிகக் கடினமானது. தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. விதையின் உள்ளே காற்றுள்ள வெற்றிடம் இருப்பதால் அது மிதக்கும். இவை இரண்டும் சேர்ந்ததால் கழற்சி விதை கடலில் நெடுந்தூரம் பயணம் செய்ய வல்லது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் கரை ஒதுங்கிய விநோத விதைகளைப் பற்றி 1690களில் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முன்பு ஜமைக்காவில் பணியாற்றியவர். அந்த விதைகளுள் கழற்சியும் ஒன்று என்பதை அடையாளம் கண்டு, அவை அட்லாண்டிக் கடலின் மறுபக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு ஒரு விதை சாட்சி சொன்னது!

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. கடற்கரை மணலில் ஒரு சாம்பல் விதை கிடைத்தால், அருகில் கழற்சிச் செடி வளர்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அது வேறொரு நாட்டிலிருந்து மிதந்து வந்திருக்கலாம். 'விதை கிடைத்தது' என்பது ஒரு பதிவு; 'செடி வளர்கிறது' என்பது வேறொரு பதிவு.

பாட்டிக்குத் தெரிந்த விதை

இந்த விதையை உங்கள் பாட்டியிடம் காட்டிப் பாருங்கள். சட்டென்று அடையாளம் சொல்லக்கூடும். பல்லாங்குழி ஆடப் புளியங்கொட்டையும் சோழியும் போலக் கழற்சிக்காயையும் பயன்படுத்துவார்கள். இதைத் தரையில் உரசிச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துத் துள்ள வைத்த குறும்புக்காரர்களும் உண்டு. உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்பதை அவர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கற்றார்கள். சங்க இலக்கியத்தில் பெண்கள் ஆடும் கழங்கு என்ற விளையாட்டு வருகிறது. கழங்கு என்பது இந்த விதைக்கே உரிய பெயர்.

சித்த மருத்துவத்திலும் கழற்சிக்கு இடமுண்டு. அதற்காக, கண்டெடுத்த விதையை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அடையாளம் காண்பதில் நிபுணர்களே தடுமாறியதை இப்போதுதான் படித்தீர்கள்.

பெயர் சொல்வதால் என்ன பயன்?

'ஒரு முட்புதரின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1960களில் சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று அது 730 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நிலமீட்பினால் நாடு வளர்ந்தது. வீடுகளும் துறைமுகமும் விமான நிலையமும் எழுந்தன. அதே வேளையில் பழைய இயற்கைக் கடற்கரையின் பெரும்பகுதி மறைந்தது. மணலும் மரங்களும் சந்திக்கும் குறுகிய ஓரத்தில் மட்டுமே வாழும் செடிகளுக்கு இடம் சுருங்கியது. முட்புதர் பூங்காவுக்கு அழகு தராது. குப்பைச் செடி என்று வெட்டி எறிவதும் எளிது. வெட்டுகிறவருக்கு அது உள்ளூர்ச் செடியா வந்தேறிச் செடியா என்று தெரியாவிட்டால், பெரிய தொட்டாற்சிணுங்கிக்கும் கழற்சிக்கும் ஒரே கதிதான்.

பெயர் தெரிந்தால் முடிவு மாறலாம். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரை நிலமீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் அலை வற்றிய நேரங்களில் அங்கே சென்று, என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. இன்று நீங்கள் அங்கே நடைபாலத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். 'அங்கே ஏதோ நிறைய இருக்கிறது' என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் அது வெறும் கருத்தாக நின்றிருக்கும். பெயர்களோடு கூடிய பட்டியல்தான் அதைச் சான்றாக்கியது.

நீங்கள் பதிவு செய்யும்போது

ஒரே ஒரு படம் போதாது. ஆறு படங்கள் எடுங்கள்: செடி முழுவதும், அது நிற்கும் இடத்தோடு, முள்ளின் வளைவு தெரியும்படி தண்டு, நடுக்காம்பு முழுவதும் தெரியும்படி ஓர் இலை, இளம் நுனியில் இலையடிச் செதில், பூ, காயும் விதையும். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ அடிக்கோலையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூங்காவிலும் இயற்கைக் காப்பகத்திலும் எதையும் பறிக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். தரையில் கிடக்கும் விதையையும் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் படங்களைப் பதிவேற்றலாம். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. நீங்கள் சொல்லும் பெயரை மற்றவர்களும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்தப் பதிவு ஆய்வுத் தரத்தை எட்டும். மாற்றுக் கருத்து வந்தால் கோபப்படாமல், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். செதில் தெரியும் படம் உங்களிடம் இருந்தால் விடை விரைவில் கிடைக்கும்.

பூவோ காயோ இல்லாமல், நுனியும் எட்டாத உயரத்தில் இருந்தால்? அப்போது 'கழற்சி அல்லது மேஜர்' என்றே எழுதிவையுங்கள். தெரிந்த அளவுக்கு எழுதி, தெரியாததை ஊகத்தால் நிரப்பாமல் விடுவதும் அறிவியல்தான். சில மாதம் கழித்து, காய் வெடிக்கும் காலத்தில் மீண்டும் போய்ப் பாருங்கள். அந்தப் புதர் அங்கேயே இருந்தால், உங்கள் பையை அது மறுபடியும் பிடித்து இழுக்கும்.